தகரக் கூரைக்கு வெளியே

— அதையேதான் நானும் கேக்கறேன். அத்தன பேரும் கூரைக்குக் கீழ நிக்கறாங்க. நாம ரெண்டு பேர் மட்டும் இந்தத் திறந்த படிக்கட்டுல துவைச்சுப் போட்ட துணி மாதிரி எதுக்கு நிக்கணும்?

— இங்கருந்து பாத்தாத்தான் கோல் நேராத் தெரியும்.

— எந்த கோல்? ஆட்டத்த நிறுத்தி முக்கா மணி நேரம் ஆச்சு. மைதானத்துல தண்ணி தேங்கிக் கெடக்கு. உங்க பொண்ணு கட்டடத்துக்குள்ள துண்டப் போத்திகிட்டு சூடா உக்காந்திருப்பா. நீங்க யாரப் பாக்கறீங்க?

— மழ விட்டதும் வந்துடுவாளே.

— விட்டதும் நாமளும் வந்து நிக்கலாம். இப்ப வாங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எனக்கு வார்டுல டியூட்டி. தும்மிகிட்டே போய் ஊசி போடற நர்ஸ யாராச்சும் பக்கத்துல விடுவாங்களா?

— நீ வேணா அந்த டிக்கெட் கவுன்ட்டர் ஓரமாப் போய் நில்லு. அங்க மேல கான்கிரீட் இருக்கு.

— அங்க ரெண்டு பேர் நிக்க எடம், பத்து பேர் நிக்கறாங்க. இந்தப் பக்கம் நாப்பது அடி நடந்தா தகரக் கூரை. அறுநூறு பேர் சௌகரியமா நிக்கறாங்க. ஏங்க, என் முகத்தப் பாத்துப் பேசுங்க.

— தகரம்மா அது. இடிய இழுக்கும்.

— உங்களோட இருவது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். வெல்டிங் மிஷின் வயரு மழத்தண்ணியில கெடக்கறப்பவே வேலை செய்யற ஆளு நீங்க. இடிக்கு பயந்தீங்களா?

— வயசாச்சுன்னா பயம் வரக் கூடாதா?

— வரலாம். ஆனா நீங்க வானத்தப் பாக்கல. வந்ததுலருந்து அந்தப் பின்வரிசைத் தூணையே பாக்கறீங்க. உதடு வேற அசையுது. என்ன எண்ணறீங்க?

— ஒண்ணுமில்ல.

— மாத்திரை எண்ணறப்ப என் உதடும் இப்படித்தான் அசையும். சொல்லுங்க.

— காத்து எத்தன தடவ கூரைக்கு நேரெதிராத் திரும்புதுன்னு எண்ணறேன். இதுவரைக்கும் ஏழு.

— திரும்பினா திரும்பட்டுமே.

— கூரைக்கு முன்பக்கம் திறந்திருக்கு. பின்பக்கம் தகரம் வச்சு அடைச்சிருக்கு. முன்னாலருந்து காத்து உள்ள பூந்தா வெளிய போக வழி கெடையாது. மேல தூக்கும். விரிச்ச குடையக் காத்துக்கு எதிர்ல பிடிச்சா என்ன ஆகும்?

— குடை மடங்கும். ஆனா இது இரும்பு. பிடிச்சு வச்சுக்கத்தான தூணு போட்டிருக்கு. நீங்களே போட்ட கூரைதான. நானும் பொண்ணும் திறப்பு விழாவுக்கு வந்து, இது அவங்க அப்பா போட்டதுன்னு பக்கத்துல உக்காந்தவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சோம். நீங்கதான் தலவலின்னு வீட்லயே படுத்துகிட்டீங்க.

— அன்னிக்குத் தலவலி இல்ல.

— அப்புறம்? ...ஏங்க. இந்த ரெண்டு வருஷத்துல எத்தன ஆட்டம் பாக்க வந்திருக்கோம். வெயிலானாலும் மழையானாலும் இந்தத் திறந்த படிதான். ஒரு தடவகூட அந்தக் கூரைக்குக் கீழ நீங்க உக்காந்ததில்ல. கோல் நேராத் தெரியும்னு சொல்றத நானும் நம்பிகிட்டிருந்தேன். சொல்றத முழுசாச் சொல்லுங்க.

— ஒவ்வொரு தூணுக்கும் அடியில ஒரு இரும்புத் தட்டு இருக்கும். தட்டுல நாலு ஓட்டை. நாலுலயும், கான்கிரீட்டுக்குள்ள ஒரு முழம் இறங்கற மாதிரி போல்ட் போடணும். அந்த நாலும்தான் கூரையத் தரையோட பிடிச்சு வச்சிருக்கும்.

— சரி.

— பின்வரிசையில பன்னெண்டு தூணு. ரெண்டு ரெண்டு போல்ட்தான் போட்டோம். மீதி ரெண்டு ஓட்டையத் துளைக்கறப்ப உள்ள கம்பி தடுத்துச்சு. சரியாச் செய்யணும்னா தட்டையே மாத்தணும், ஒரு மாச வேலை. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு.

— அப்ப அந்த ஓட்டை ரெண்டும் வெறுமனே கெடக்குதா?

— வெறுமனே கெடந்தா சோதனைக்கு வந்தவங்க கண்டுபிடிச்சிருப்பாங்களே. போல்ட்டோட தலைய மட்டும் வெட்டி, ஓட்டை மேல வச்சு ஒட்டினோம். மேலருந்து பாத்தா நாலு தலை தெரியும். ரெண்டுக்குக் கீழ ஒண்ணும் கெடையாது.

— ஒட்டினோமா, ஒட்டினீங்களா?

— ஒட்டினேன். இருவத்தி நாலு தலை. தெரியாம இருக்க மேல பெயின்டும் நானே அடிச்சேன்.

— மனசு எப்படி வந்துச்சு?

— மொதல் தூணுல வரல. அப்புறம் வேலையாப் போச்சு.

— யாரு செய்யச் சொன்னது?

— மேலருந்து சொன்னாங்க.

— மேலருந்துன்னா? வானத்துலருந்தா?

— மைதானச் செயலாளர். கூரைக் காண்ட்ராக்ட் எடுத்தது அவரோட மச்சினன்.

— முடியாதுன்னு மிஷினத் தூக்கிகிட்டு வந்திருக்கலாமே. அந்த வருஷம் ரெண்டு கம்பெனியில உங்களக் கூப்ட்டுகிட்டே இருந்தாங்க. வேலைக்குப் பஞ்சமா இருந்துச்சு நமக்கு?

— எல்லாரும் செஞ்சாங்க, நானும் செஞ்சேன். விடு.

— விடறதா. ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

— எட்டு. கேட்டியா அந்தச் சத்தத்த?

— தகரம் படபடங்குது.

— படபடக்கறது பரவால்ல. கடைசியா ஒரு ணங்குன்னு கேட்டுச்சு பாரு, அது தகரம் இல்ல. தூணோட தட்டு தூக்கி, திரும்பக் கான்கிரீட்டுல உக்காருது.

— அங்க அறுநூறு பேரு இருக்காங்க. எதிர் டீம் கீப்பரோட அம்மா அங்க இருக்கா. இடைவேளையில பிளாஸ்க்லருந்து காப்பி ஊத்திக் குடுத்தாளே, பச்ச சால்வை. நம்ம பொண்ணு பெனால்டியத் தடுத்தப்ப, அவ டீம் தோக்குதுன்னுகூடப் பாக்காம கை தட்டினா.

— தெரியும்.

— தெரிஞ்சுகிட்டா முக்கா மணி நேரமா எண்ணிகிட்டு நின்னீங்க?

— கத்தினா என்ன ஆகும்னு யோசிச்சேன். அங்கருந்து இறங்கப் படிக்கட்டு ஒண்ணே ஒண்ணு. கூரை விழுதுன்னு சொன்னா அறுநூறு பேரும் அது மேலதான் பாய்வாங்க. கூரை விழறதுக்கு முன்னாடியே மிதிபட்டுச் சாவாங்க.

— அது சரிதான். கத்தக் கூடாது. ...போன வருஷம் எங்க வார்டுக்குக் கீழ ஸ்டோர் ரூம் பத்திகிச்சு இல்ல? நாப்பத்தோரு நோயாளிங்க. நான் தீன்னு வாயத் தொறக்கவே இல்ல. வார்டு கழுவப் போறோம், எல்லாரும் எதிர்க் கட்டடத்துக்குப் போங்கன்னேன். திட்டிகிட்டேதான் போனாங்க. ஒருத்தர் கால்ல ஒரு கீறல் கெடையாது. வாங்க.

— எங்க?

— மைக் வச்சிருக்கற ரூமுக்கு. படி வழுக்குது, கையப் பிடிங்க.

*

— அக்கா, இது மைக் ரூமு. வெளியாளுங்க வரக் கூடாது. ஒதுங்கணும்னா கீழ வராந்தா இருக்கு.

— ஒதுங்க வரல தம்பி. நீங்கதான அறிவிப்பு சொல்றவரு?

— பதினாலு வருஷமா. என் பேரே எல்லாருக்கும் மறந்து போச்சு, மைக்குன்னுதான் கூப்பிடுவாங்க. உங்களத் தெரியும், ஒண்ணாம் நம்பர் சட்ட போட்ட பொண்ணோட அம்மா. அண்ணன் கூரைக்கு வெல்டிங் பண்ணவரு. சீக்கிரம் சொல்லுங்க, சுவிட்ச் போர்டு மேல தண்ணி சொட்டுது, எந்த நேரத்துல என்னத் தூக்கி அடிக்கும்னு தெரியல.

— அந்தக் கூரைக்குக் கீழ இருக்கறவங்கள உடனே வெளிய வர வைக்கணும்.

— இந்த மழையிலயா? எதுக்கு?

— ஏங்க, நீங்களே சொல்லுங்க.

— தூணு ஆடுது தம்பி.

— காத்து அப்படி அண்ணே. நானே ஆடறேன். இன்ஜினியர் வந்து தட்டிப் பாத்து கையெழுத்துப் போட்ட கூரை அது.

— இன்ஜினியர் தட்டிப் பாத்தது போல்ட்டோட தலைய. பாதித் தலைக்குக் கீழ போல்ட் கெடையாது. வெட்டி ஒட்டினது நான்.

— ...அண்ணே, இத நான் கேக்கல.

— கேட்டீங்க.

— கேட்டாலும் நான் என்ன பண்ணுவேன்? நான் வெறும் வாயி. மூளை மேல ஆபீஸ்ல இருக்கு. செயலாளர் பேப்பர்ல எழுதி அனுப்புவாரு, நான் படிப்பேன். சொந்தமா ஒரு இருமல் இருமினாக்கூட ஏன்னு கேப்பாரு.

— அவருக்குப் போன் பண்ணுங்க.

— பண்ணிகிட்டேதான் இருக்கேன் அக்கா, போர்டுல தண்ணி சொட்டறதச் சொல்றதுக்கு. எடுக்கல. கண்ணாடி ரூம்ல சிறப்பு விருந்தினரோட இருக்காரு.

— அப்ப அவரக் கேக்காமப் பேசுங்க.

— கூரை விழப்போகுதுன்னா?

— அத மட்டும் சொல்லிடாதீங்க. பின்னாடி இறகுப்பந்து ஆடற உள்ளரங்கம் இருக்கில்ல, அறுநூறு பேரு கொள்ளுமா?

— கொள்ளும். ஆனா அது மரத்தரை. ஈரக்காலோட ஒரு ஆள விட்டாலும் எனக்குக் கல்தா. சாவி என் இடுப்புல தொங்குதே, அதான் பயமா இருக்கு.

— தரைய நான் துடைக்கறேன். முட்டி போட்டு மூலை முடுக்கெல்லாம் துடைக்கறேன். சாவிய இவருகிட்டக் குடுத்துட்டு மைக்கப் போடுங்க. உள்ளரங்கத்துல எல்லாருக்கும் சூடா டீ தர்றாங்கன்னு சொல்லுங்க.

— யாரு தர்றது?

— யாரும் தரல. வந்தப்புறம் திட்டட்டும். உயிரோட இருந்தாத்தான திட்ட முடியும்.

— டீக்காக நனைஞ்சுகிட்டு வருவாங்களா?

— டிக்கெட்ல முத்திரை போட்டுகிட்டா அடுத்த ஆட்டம் இலவசம்னு சேத்துக்கோங்க.

— அக்கா, நீங்க ஆஸ்பத்திரியில இருக்க வேண்டிய ஆளே இல்ல.

— கீழ் வரிசை மொதல்ல. ஒவ்வொரு வரிசையா. ஓடாதீங்கன்னு சொல்லாதீங்க, ஓடாதீங்கன்னு சொன்னா ஓடுவாங்க. மெதுவாப் பேசுங்க. எப்பவும் பேசற மாதிரியே பேசுங்க.

— பேப்பர் இல்லாம நான் பேசினதே இல்ல அக்கா.

— பேப்பர யாரு பாக்கப் போறாங்க. குரல் ஆடாமப் பாத்துக்கோங்க.

— அன்பார்ந்த ரசிகப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. மழையில் காத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் பின்புறம் உள்ள உள்ளரங்கத்தில் சூடான தேநீர் வழங்கப்படுகிறது. நுழைவுச் சீட்டில் முத்திரை பெற்றுக்கொள்வோர் அடுத்த ஆட்டத்தை இலவசமாகக் காணலாம். கீழ் வரிசையில் உள்ளவர்கள் முதலில் வரவும். அடுத்தடுத்த வரிசைகள் அழைக்கப்படும்போது வரவும். அனைவருக்கும் தேநீர் உண்டு. நன்றி.

*

— ஏங்க, நான் பேசறது கேக்குதா?

— கேக்குது. சத்தமாப் பேசு, காத்துல போன்ல ஒண்ணும் விழல.

— நானும் மைக்குத் தம்பியும் ஜன்னல்லருந்து பாக்கறோம். கீழ அஞ்சு வரிசை காலி. பச்ச சால்வை வெளிய வந்துட்டா. நீங்க அரங்கத்தத் தொறந்துட்டு அங்கயே இருக்க வேண்டியதுதான, எதுக்குத் திரும்ப உள்ள ஏறறீங்க?

— கடைசி வரிசையில ஒரு கூட்டம் நகர மாட்டேங்குது. முப்பது பேர் இருப்பாங்க. டிரம் வச்சிருக்காங்க. டீயும் வேணாம் முத்திரையும் வேணாம்ங்கறாங்க.

— கெஞ்சிப் பாருங்க.

— கெஞ்சினா அதுக்கும் தாளம் போடறாங்க. விஷயம் அது இல்ல. பேனர் கட்டியிருக்காங்கம்மா. அஞ்சாம் தூணுலருந்து எட்டாம் தூணு வரைக்கும். காத்த மொத்தமா வாங்கி தூணுக்குக் குடுக்குது.

— அறுத்து விடுங்க.

— அறுத்தா அடிப்பாங்க.

— அடி வாங்குங்க.

— ...

— ஏங்க? ஏங்க. தம்பி, எனக்கு மூக்குக் கண்ணாடி மங்கிப் போச்சு. உங்களுக்குத் தெரியுதா?

— தெரியுது அக்கா. அண்ணன் பாக்கெட்லருந்து ஒரு கத்திய எடுத்துட்டாரு. ஒரு பக்கக் கயிறு அறுந்துடுச்சு. ஒருத்தன் வந்து சட்டையப் பிடிக்கறான்.

— அப்புறம்?

— அடிக்கறான். நீங்க பாக்காதீங்க. ...இன்னொரு கயிறும் போச்சு. காத்து திரும்புது, பேனர் பறக்குது. மைதானத்து நடுவுல போய் விழுந்துடுச்சு. கூட்டம் மொத்தமும் அத எடுக்க ஓடுது அக்கா. டிரம்மையும் தூக்கிட்டு இறங்கறாங்க. அண்ணன மிதிச்சுட்டுத்தான் போறாங்க, ஆனா போறாங்க.

— ஏங்க, எந்திரிங்க.

— எந்திரிச்சுட்டேன். உதடு கிழிஞ்சிருக்கு. வேற ஒண்ணுமில்ல.

— அங்க ஒருத்தரும் இல்ல. இறங்குங்க.

— ஏழாம் தூணுகிட்ட நிக்கறேன்.

— அதப் பாக்க வேணாம். இறங்குங்க.

— நான் ஒட்டின ரெண்டு தலையும் தட்டோட சேந்து மேல போகுது, கீழ வருது. அடியில விரல் நுழையற சந்து. மூச்சு விடற மாதிரி இருக்கு. நல்ல போல்ட் ரெண்டும் கான்கிரீட்டப் பேத்துகிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது. ரெண்டு வருஷமா ராத்திரியில கண்ண மூடினா இதத்தான் பாப்பேன். அதே மாதிரியே இருக்கு.

— உங்க கால்ல விழறேன். அவ வெளிய வந்து அப்பா எங்கன்னு கேட்டா நான் எதக் காட்டுவேன்?

— ...

— ஏங்க.

— இறங்கிட்டேன். படிக்கட்டத் தாண்டிட்டேன். அழாத.

*

— அசையாதீங்க. இந்தத் துணிய உதட்டுல அழுத்திப் பிடிங்க. ரெண்டு தையல் போடணும்.

— காத்து அடங்கிடுச்சு அண்ணே. மழையும் தூறலாப் போச்சு.

— கூரை?

— நிக்குது. ஒரு தகரம்கூடக் கழலல. அப்படியே நிக்குது.

— ...நிக்குதா.

— உள்ளரங்கத்துல டீ எங்கன்னு ஒரே கூச்சல். எங்க அப்பா அம்மா வரைக்கும் இழுத்துட்டாங்க. அது பரவால்ல, தரைய நெனச்சாத்தான்... இருங்க, செயலாளர் போன். வணக்கங்க ஐயா. ஆமாங்க ஐயா. ஈரம்தாங்க ஐயா. துடைச்சுடறோங்க. பத்து நிமிஷமா? சரிங்க ஐயா.

— என்னவாம்?

— மோட்டார் வச்சுத் தண்ணிய இறைச்சுட்டாங்க. பத்து நிமிஷத்துல ஆட்டம் தொடருது. ஜனங்களத் திரும்பக் கூரைக்குக் கீழ உக்காரச் சொல்லி அறிவிக்கணுமாம். சிறப்பு விருந்தினர் கண்ணுக்கு முன்னாடி வெறும் படிக்கட்டு இருக்கக் கூடாதுங்கறாரு.

— திரும்ப அதுக்குக் கீழயா?

— மழதான் விட்டுடுச்சே அண்ணே.

— இந்த மழ விட்டுடுச்சு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாருங்க, அடுத்தது கருப்பா ஏறி வருது.

— ஏங்க. போதும். வாங்க போலாம்.

— எங்க?

— நம்ம திறந்த படிக்கே போவோம். அவ இறங்கறப்ப நாம அங்க நிக்கணும். நாளைக்கு ஒரு மொட்டைக் கடிதாசி எழுதிப் பெரிய ஆபீஸுக்குப் போட்டுடலாம். அவங்க வந்து பாத்துக்கட்டும்.

— நாளைக்கா. இவங்க இப்ப உக்காரப் போறாங்க.

— இவ்வளவு காத்துக்கு நின்னுச்சு. இன்னும் இருவது நிமிஷம் நிக்காதா?

— நீயா பேசறது?

— நான்தான். அறுநூறு பேரக் காப்பாத்தணும்னு உங்கள இழுத்துட்டு ஓடி வந்தவளும் நான்தான். அப்ப உங்களுக்கு என்ன ஆகும்னு நெனைக்கல. இப்ப நெனைக்கறேன். கூரை விழுந்திருந்தா, எல்லாரையும் வெளிய கொண்டு வந்தவருன்னு ஒரு வார்த்தையாச்சும் சொல்லியிருப்பாங்க. அது நிக்குது. இப்ப வாயத் தொறந்தா நீங்க குத்தவாளி மட்டும்தான். அவ நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுகிட்டு இந்த மைதானத்துக்கு வருவா?

— தம்பி, செயலாளருக்குத் திரும்பப் போன் போடுங்க. ஏழாம் தூணு பேந்துகிட்டு வருதுன்னு சொல்லுங்க. வெல்டர் இங்கதான் நிக்கறான்னும் சொல்லுங்க.

— நானா சொல்லணும்?

— அவருக்கே எல்லாம் தெரியும். ஞாபகப்படுத்தினாப் போதும்.

— ஐயா, மன்னிக்கணும். கூரைக்கு வெல்டிங் பண்ணவரு இங்க வந்திருக்காருங்க. ஏழாம் தூணு பேந்து வருதுங்கறாரு. ...ஆமாங்க, பக்கத்துலதாங்க. ...அப்படியே சொல்லணுங்களா? ...சரிங்க ஐயா.

— என்ன சொன்னாரு?

— எனக்கு அர்த்தம் புரியல அண்ணே. உன் பொண்ணு எப்படி டீமுக்குள்ள வந்தாங்கறது உனக்கு ஞாபகம் இருக்கணும், இல்லாட்டி ஊருக்கே ஞாபகப்படுத்தறேன்னு சொல்லச் சொன்னாரு.

— தம்பி, இன்னொரு தடவ சொல்லுங்க.

— அவ்வளவுதான் அக்கா சொன்னாரு.

— ஏங்க. என் பொண்ணுக்கும் உங்க போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாரும் செஞ்சாங்க நானும் செஞ்சேன்னு சொன்னீங்க. இப்ப நெசத்தச் சொல்லுங்க.

— முடியாதுன்னுதான் சொன்னேன். மூணு நாள் மிஷினத் தொடல. அப்புறம் அவரே வந்தாரு. உன் பொண்ணு தேர்வுக்கு வந்திருக்கான்னு கேள்விப்பட்டேன், கீப்பர் எடம் ஒண்ணுதான், பதினெட்டு பேர் நிக்கறாங்க, நீ வேலைய முடிச்சுக் குடு, அந்த எடம் அவளுக்குன்னாரு. திங்கக்கிழம பலகையில அவ பேரு இருந்துச்சு.

— அன்னிக்கு அவ தெருக்கோடியிலருந்து ஓடி வந்தா. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினா. உள்ளங்கையெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சு. இந்தக் கையால வாங்கினேம்மான்னா. நான் மருந்து போட்டு விட்டேன்.

— நானும் பாத்துகிட்டுத்தான் நின்னேன்.

— அவளுக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் ரெண்டு வருஷமா வாயக் கட்டிகிட்டிருக்கேன். கூரைக்காகப் பயந்ததவிட இதுக்குத்தான் அதிகமாப் பயந்தேன்.

— அண்ணே, ஒரு நிமிஷம். செயலாளர் உங்ககிட்டப் பேசினது என்னிக்கு?

— இப்ப அது எதுக்கு?

— என்னிக்குன்னு சொல்லுங்க.

— வெள்ளிக்கிழம. மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

— அந்த லிஸ்ட்ட டைப் அடிச்சது நான் அண்ணே. பலகையில ஒட்டினதும் நான். கோச்சம்மா புதன்கிழம சாயங்காலமே கைப்பட எழுதிக் குடுத்துட்டாங்க. மொதப் பேரே உங்க பொண்ணுது. பக்கத்துல, இவளுக்கு ஈடு வேறு யாரும் இல்லைன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தாங்க. அதையும் சேத்து டைப் அடிக்கறதா வேணாமான்னு நான் போய்க் கேட்டேன், அதனால நல்லா ஞாபகம் இருக்கு.

— புதன்கிழமையா?

— புதன். வியாழக்கிழம செயலாளர் இங்க வந்து அந்த லிஸ்ட்ட எடுத்துப் பாத்தாரு. இது யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டாரு. நம்ம கூரை வெல்டரோட பொண்ணுங்க ஐயான்னு நான்தான் சொன்னேன். நல்ல சேதிதானன்னு சொன்னேன் அண்ணே.

— அப்ப அவரு எனக்குக் குடுக்கறேன்னு சொன்னது...

— ஏற்கனவே அவளோடது. ஏங்க, உக்காருங்க. இப்படி உக்காருங்க.

— இருவத்தி நாலு தலை ஒட்டினேன்.

— உக்காருங்க மொதல்ல.

— அக்கா, ஜனங்க உள்ளரங்கத்துலருந்து வெளிய வர ஆரம்பிச்சுட்டாங்க. நான் சொல்லாமலே வர்றாங்க. அந்த டிரம் கூட்டம் படிக்கட்டுகிட்டப் போயிடுச்சு. ரெண்டு டீமும் மைதானத்துல இறங்கறாங்க. நான் எதையாச்சும் சொல்லியாகணும்.

— எந்த சுவிட்ச் தம்பி?

— அந்தச் செவப்பு. அழுத்திப் பிடிச்சுகிட்டே பேசணும், விட்டா நின்னுடும். அண்ணே, யோசிச்சுக்கோங்க. நான் இப்பவும் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிடுவேன்.

— நீங்க கேட்டது கேட்டதாவே இருக்கட்டும்.

— ஏங்க.

— தடுக்காதம்மா.

— தடுக்கல. ரத்தம் வாயில இறங்குது. தொடச்சுட்டுப் பேசுங்க. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேக்கணும்.

— எல்லாரும் நிக்கற எடத்துலயே நில்லுங்க. அந்தக் கூரைக்குக் கீழ யாரும் போகாதீங்க. அதப் போட்ட வெல்டர் பேசறேன். பின்வரிசை பன்னெண்டு தூணுலயும் பாதி போல்ட் கெடையாது. தலைய மட்டும் வெட்டி ஒட்டினது நான். செய்யச் சொன்னவரு கண்ணாடி ரூம்ல இருக்காரு, நான் மைக் ரூம்ல இருக்கேன், போலீஸ் வந்தா ரெண்டு பேரும் கெடைப்போம். ஒண்ணாம் நம்பர் சட்டையில நிக்கற பொண்ணு என் மக. கண்ணு, அந்த எடம் நீயா சம்பாதிச்சது. உங்க அப்பன் வாங்கிக் குடுத்ததுன்னு யாராச்சும் சொன்னா நம்பாத. நான் நம்பிட்டேன்.